மலையூர்களில் நிலச்சரிவு அபாயத்தைக் குறைப்பது எப்படி? உள்ளாட்சிகளுக்கான முழுமையான வழிகாட்டி

மலைச்சரிவில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இடம் போதவில்லை என்று பின்பக்க மண்ணை நெட்டுக்குத்தாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். வெட்டிய மண்ணை முன்பக்கம் தள்ளி வாசலை அகலமாக்கியிருக்கிறார்கள். கூரைத் தண்ணீர், பின்சுவருக்கும் மண்வெட்டுக்கும் நடுவிலுள்ள இரண்டடிச் சந்தில் விழுகிறது. குளியலறைத் தண்ணீரும் அங்கேதான் போகிறது. வீட்டுக்கு மேலே சாலை. அதன் ஓரத்து வடிகால் ஒரு திருப்பத்தோடு முடிந்துவிட, மிச்சத் தூரத்தைத் தண்ணீர் தன் பாட்டுக்கு இறங்கிக் கடக்கிறது.

இந்தச் சரிவு ஒருநாள் இறங்கினால் எல்லோரும் மழையைச் சொல்வார்கள். ஆனால் சரிவைத் தாங்கி நின்ற அடிமண்ணை எடுத்தாயிற்று, தளர்ந்த மண்ணை ஓரத்தில் சுமையாக ஏற்றியாயிற்று, மூன்று பக்கமிருந்து தண்ணீரையும் உள்ளே விட்டாயிற்று. அந்தக் கட்டடத்துக்கு அனுமதி கொடுத்தது, சாலை வடிகாலைப் பாதியில் நிறுத்தியது, கழிவுநீருக்கு வழி செய்யாமல் விட்டது, எல்லாமே உள்ளாட்சியின் அன்றாட வேலைகள். நிலச்சரிவைப் பேரிடர்த் துறையின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது என்று நான் உறுதியாக நம்புவதற்கு இதுதான் காரணம்.

எப்படிச் சரிகிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். மழைநீர் மண்ணின் துளைகளை நிரப்ப நிரப்ப, உள்ளே நீரழுத்தம் ஏறுகிறது. மண் துகள்கள் ஒன்றையொன்று பிடித்து நிற்கும் பிடி தளர்கிறது. ஒரு கட்டத்தில் சரிவு தன் எடையைத் தானே தாங்க முடியாமல் நழுவுகிறது. நிலநடுக்கம், ஆறு அடிவாரத்தை அரிப்பது, மரங்களை அழிப்பது, காட்டுத்தீ எல்லாமே காரணமாகலாம். ஆனால் ஓர் உள்ளாட்சி கை வைத்து மாற்றக்கூடியவை பெரும்பாலும் இரண்டுதான்: தண்ணீர் எங்கே போகிறது, மண்ணை யார் எங்கே வெட்டுகிறார்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டைச் சுற்றித்தான்.

படி 1: பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள்

குழு அமைப்பது எளிது. அந்தக் குழுவில் யார் பெயருக்கு எதிரே எந்த வேலை என்று எழுதுவதுதான் கடினம். மன்றத்தில் தீர்மானம் போட்டு, பொறியாளர் ஒருவரையோ மூத்த அலுவலர் ஒருவரையோ சரிவுப் பாதுகாப்புப் பொறுப்பாளராக நியமியுங்கள். சாலை, குடிநீர், கட்டட அனுமதி, வருவாய், வனம் ஆகிய பிரிவுகள் அவருக்குத் தகவல் தர வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் சேருங்கள். புவியியலாளர் உங்களிடம் இருக்கமாட்டார். பல்கலைக்கழகத்தோடோ மாநில, தேசிய அளவிலான ஆய்வு நிறுவனத்தோடோ எழுத்துபூர்வமாக ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மழை கொட்டும் இரவில் யாரை அழைப்பது என்று தேடும் நிலை வரக்கூடாது.

ஹாங்காங் இதற்கு நல்ல சான்று. 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் இரண்டு நிலச்சரிவுகளில் 138 பேர் இறந்தார்கள். 1976இல் மறுபடியும் உயிரிழப்பு. அதற்குப் பிறகு 1977இல் சரிவுகளைக் கவனிப்பதற்கென்றே தனி அலுவலகம் உருவானது. இன்று அங்கே மனிதர் வெட்டிய, நிரப்பிய சுமார் 60,000 மலைச்சரிவுகளுக்குத் தனித்தனிப் பதிவு எண் இருக்கிறது. எந்தச் சரிவைப் பராமரிப்பது யார் பொறுப்பு என்பதும் பதிவாகியிருக்கிறது. சிறிய ஊராட்சிக்கு 60,000 எண்கள் தேவைப்படாது. அறுபது போதும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் பெயர் வேண்டும்.

படி 2: பழைய சரிவுகளைத் தேடி எழுதுங்கள்

முன்பு சரிந்த இடம் மறுபடியும் சரியும் வாய்ப்பு அதிகம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓசோ என்ற இடத்தில் ஒரு மலைச்சரிவு 2006இல் ஆற்றுக்குள் இறங்கியது. 2014 மார்ச் 22 அன்று அதே சரிவு பன்மடங்கு பெரிதாக இறங்கி, ஆற்றைத் தாண்டி ஒரு கிலோமீட்டருக்கும் மேல் ஓடி 43 பேரைக் கொன்றது. பழைய சரிவு யாருக்கும் தெரியாத ரகசியமாக இருக்கவில்லை.

பட்டியல் எடுக்க நவீனக் கருவி வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். எந்த வருடம், எந்த மாதம், எத்தனை நாள் மழைக்குப் பிறகு, எங்கிருந்து புறப்பட்டு எதுவரை வந்தது என்று நான்கு கேள்விகள் போதும். தேயிலைத் தோட்டங்கள், பள்ளிகள், கோவில்கள், தேவாலயங்கள், மசூதிகளில் பழைய படங்கள் கிடைக்கும். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைத் திருப்பிப் பார்த்தால் மலையில் விழுந்த தழும்புகள் தெரியும்.

பலர் யோசிக்காத ஒரு மூலமும் உண்டு: உங்கள் சொந்தச் செலவுக் கணக்கு. கடந்த பதினைந்து ஆண்டுகளின் சாலைப் பழுதுபார்ப்பு பில்களை எடுத்து, எந்தக் கிலோமீட்டரில் எத்தனை முறை செலவு செய்தீர்கள் என்று வரிசைப்படுத்துங்கள். ஒரே இடத்தில் நாலு தடவை தார் போட்டிருந்தால் அங்கே சாலை மட்டுமா இறங்குகிறது? அடியிலிருக்கும் நிலமும் நகர்கிறதா என்று போய்ப் பாருங்கள். அடிக்கடி உடையும் குடிநீர்க் குழாய்களின் பட்டியலும் இதே கதையைச் சொல்லும்.

படி 3: மழையில் நடந்து பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். வெயிலில் போய்ப் பார்க்கும் சரிவும் மழையில் பார்க்கும் சரிவும் வேறு வேறு. மிதமான மழை பெய்யும் நாளில் குடையோடு மேலிருந்து கீழாக நடந்து, தண்ணீர் எங்கே சேர்கிறது, எங்கே வடிகாலை விட்டு வெளியேறுகிறது, எங்கே மறைகிறது என்று வரைபடத்தில் குறியுங்கள். மறையும் இடம் முக்கியம். தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் போனால் அது மண்ணுக்குள் போகிறது என்று அர்த்தம். கனமழை, எச்சரிக்கை நாட்களில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம், அது ஆபத்து.

நடக்கும்போது கவனிக்க வேண்டியவை: அடிப்பகுதி வளைந்து மேலே நிமிர்ந்த மரங்கள், ஒரே பக்கம் சாய்ந்த மின்கம்பங்கள், பிறை வடிவத்தில் இறங்கிய சாலை ஓரம், வயிறு தள்ளிய தடுப்புச் சுவர், முந்தைய வருடம் இல்லாத ஊற்று, திடீரென வற்றிய ஊற்று, கலங்கலாகக் கசியும் நீர், சட்டத்தில் சிக்கிக்கொண்டு மூட மறுக்கும் கதவுகள். கதவைப் பற்றி வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். "போன மழைக்கு அப்புறம்தான் இந்தக் கதவு இப்படி" என்று மாதம் உட்படச் சொல்வார்கள்.

விரிசல் கண்டால் அது நகர்கிறதா என்று அளக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். நிலத்தில் விரிசலின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒரு இரும்புக் கம்பி அடித்து, கம்பியின் தலையில் சாந்துப் புள்ளி வைத்து, இரண்டுக்கும் இடையிலான தூரத்தை டேப்பால் அளந்து தேதியோடு எழுதுங்கள். வறண்ட காலத்தில் வாரம் ஒருமுறை, மழைக்காலத்தில் தினமும். சுவர் விரிசலுக்கு அதன் குறுக்கே உள்ளங்கை அளவு சிமென்ட் பூசி, காயும்முன் ஆணியால் தேதியைக் கீறிவிடுங்கள். அந்தப் பூச்சு பிளந்தால் சுவர் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. தொடர்ந்து மூன்று நாள் அளவு கூடிக்கொண்டே போனால், அதுவும் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட அதிகமாகக் கூடினால், கூட்டம் போட்டு விவாதிக்க நேரமில்லை. கீழே இருப்பவர்களை அன்றே நகர்த்துங்கள்.

சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் கிராமத்தில் நடந்தது இதன் பெரிய வடிவம். அங்கே கருவிகளால் மலையின் நகர்வைத் தொடர்ந்து அளந்துவந்தார்கள். வேகம் கூடியதும் 2023 மே மாதத்தில் ஊரைக் காலி செய்தார்கள். ஜூன் 15 இரவு பெரும் பாறைக்குவியல் இறங்கி ஊரின் வாசலில் வந்து நின்றது. ஒருவரும் இறக்கவில்லை.

அப்புறம், திறந்து கிடக்கும் நில விரிசலை அப்படியே விடாதீர்கள். களிமண்ணால் இறுக்கி மூடி, மேலே தார்ப்பாய் விரித்து, மழைநீரை அதைச் சுற்றித் திருப்பிவிடுங்கள். விரிசல் என்பது மலைக்குள் தண்ணீர் இறங்கும் நேர்வழி.

படி 4: வரைபடத்தில் மூன்று பகுதிகளைப் பிரியுங்கள்

பெரும்பாலான ஊர் வரைபடங்கள் சரிவு தொடங்கும் இடத்தை மட்டும் சிவப்பாக்குகின்றன. செங்குத்தான இடம் ஆபத்து, சமதளம் பாதுகாப்பு என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. இந்த எண்ணம் உயிரைக் கொல்லும். சரிவு புறப்படும் இடம், ஓடிவரும் பாதை, வந்து பரவும் இடம் என மூன்றையும் குறிக்க வேண்டும். சேறும் பாறையும் மரமும் கலந்து ஓடையோடு இறங்கும் பெருக்கு, புறப்பட்ட இடத்திலிருந்து பல கிலோமீட்டர் தாண்டியும் வீடுகளை அடிக்கும். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் அழித்த பெருக்கு மேலே மலையில் புறப்பட்டு ஓடை வழியே வந்ததுதான். ஓடை மலையை விட்டு வெளியே வரும் இடத்தில் விசிறிபோல் விரிந்த தட்டையான நிலம், வீடு கட்ட மிகவும் வசதியாகத் தெரியும். அந்த விசிறியை உருவாக்கியதே பழைய பெருக்குகள் கொண்டுவந்து போட்ட மண்ணும் கல்லும். அங்கே குழி தோண்டினால் பெரிய கல்லும் சிறிய கல்லும் களிமண்ணும் கலந்துகட்டி வரும். அதுவே சாட்சி.

நிறங்களைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு: புதுக் கட்டடம் கிடையாது. இடைப்பட்ட நிறம்: நிபந்தனையோடு கட்டலாம். மஞ்சள்: தகவலுக்காக, எச்சரிக்கையோடு. சுவிட்சர்லாந்து சிவப்பு, நீலம், மஞ்சள் என்று ஏறக்குறைய இதே முறையில்தான் பிரிக்கிறது. ஜப்பானில் 1999 ஹிரோஷிமா நிலச்சரிவுப் பேரழிவுக்குப் பிறகு 2000இல் தனிச் சட்டம் வந்தது. மஞ்சள் பகுதியில் எச்சரிக்கை, வெளியேற்ற ஏற்பாடு. சிவப்புப் பகுதியில் கட்டுமானக் கட்டுப்பாடு. நிலத்தை விற்றுக்கொடுக்கும் தொழில்முறைத் தரகர் அது எந்தப் பகுதியில் வருகிறது என்பதை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் சட்டம் இருந்தும் பல இடங்களில் எந்த நிலம் எந்தப் பகுதி என்ற அறிவிப்பு முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. 2014 ஆகஸ்ட் 20 அதிகாலையில் அதே ஹிரோஷிமாவில் மறுபடி சரிவுகள் இறங்கி 77 பேர் இறந்தார்கள். ஆய்வு முடிவுகளை அறிவிப்புக்கு முன்பே மக்களுக்கு வெளியிட வேண்டும் என்று அதற்குப் பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள்.

வரைபடம் முழுமையாகும்வரை அலமாரியில் வைத்திருப்பது தவறு. கையில் இருப்பதை வெளியிடுங்கள். நிலமதிப்பு குறையும் என்று எதிர்ப்பு வரும், அதுவும் செல்வாக்குள்ளவர்களிடமிருந்துதான் முதலில் வரும். ஒவ்வொரு வார்டிலும் கூட்டம் போட்டு, எந்த ஆதாரத்தில் எந்தக் கோடு வந்தது என்று காட்டுங்கள். ஆட்சேபத்துக்குத் தேதி கொடுங்கள். களத்தில் போய்ப் பார்த்துத் திருத்த வேண்டியதைத் திருத்துங்கள். ஆதாரம் இல்லாமல் ஒரு கோட்டைக்கூட நகர்த்தாதீர்கள்.

படி 5: கட்டட அனுமதியில் மண்வெட்டையும் சேருங்கள்

பல ஊர்களில் கட்டடத்துக்கு அனுமதி வேண்டும், மலையை வெட்ட அனுமதி தேவையில்லை. ஜேசிபி இரவில் வந்து இரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். அனுமதி விண்ணப்பம் அதற்குப் பிறகுதான் அலுவலகத்துக்கு வரும். அதனால் விதியை மண்ணிலிருந்து தொடங்குங்கள்: குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் வெட்டவோ நிரப்பவோ தனி அனுமதி, மழைக்காலத்தில் மண்வெட்டுக்கு முழுத் தடை, ஜேசிபி உரிமையாளர்கள் உள்ளாட்சியில் பதிவு, மீறினால் இயந்திரத்துக்கும் அபராதம். நில உரிமையாளரை மட்டும் பிடித்தால் அடுத்த வாரம் அதே இயந்திரம் அடுத்த மேட்டில் நிற்கும்.

அனுமதிப் படிவத்தில் மூன்று கேள்விகளைக் கட்டாயமாக்குங்கள். வெட்டிய மண் எங்கே போகும்? கூரைத் தண்ணீர் எந்த வடிகாலில் சேரும்? கழிவுநீர் எங்கே போகும்? இந்த மூன்றுக்கும் வரைபடத்தோடு பதில் இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள். ஓடைக்கரையிலிருந்தும் வெட்டின் விளிம்பிலிருந்தும் எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பதை உங்கள் மண்ணுக்கு ஏற்பப் பொறியாளர் முடிவு செய்யட்டும். வேறு மலையின் அளவை எடுத்து ஒட்ட வேண்டாம்.

சமவெளிக்கு நல்லதாக இருக்கும் ஒரு விதி மலையில் கேடாகும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மழைநீரைக் குழி தோண்டி நிலத்துக்குள் இறக்குவது, செப்டிக் டேங்க் தண்ணீரை உறிஞ்சுகுழியில் விடுவது இரண்டையும் நிலையற்ற சரிவில் அனுமதிக்கக்கூடாது. அங்கே மழைநீரைத் தொட்டியில் சேமிக்கலாம், மிச்சத்தைக் குழாய் வழியே பாதுகாப்பான ஓடைக்கு இறக்கலாம். மண்ணுக்குள் விடக்கூடாது.

உள்ளாட்சி போடும் சாலைக்கும் இதே விதிகள் பொருந்த வேண்டும். வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போகும் சாலைகள், கீழே உள்ள வீடுகளுக்குச் சரிவைத் தயாரித்துக் கொடுக்கின்றன. மண் கொட்ட இடம் முடிவாகாமல் சாலை ஒப்பந்தம் கையெழுத்தாகக் கூடாது.

படி 6: தண்ணீருக்கு வழி செய்யுங்கள்

பணம் கொஞ்சமாக இருந்தால் முழுவதையும் இங்கே போடுங்கள் என்றுதான் சொல்வேன். ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு மி.மீ. மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 100 மி.மீ. மழை பெய்தால் 10,000 லிட்டர். சரிவில் ஐம்பது வீடு இருந்தால் ஒரே நாளில் 5 லட்சம் லிட்டர், கூரைகளிலிருந்து மட்டும். அதோடு குழாய் வழியே மேலே ஏற்றிக் கொடுக்கும் குடிநீரும் கடைசியில் கழிவுநீராக அதே சரிவில்தான் இறங்குகிறது. மழை இல்லாத நாளிலும் சரிவு நனைந்துகொண்டே இருக்கிறது.

கரீபியத் தீவான செயின்ட் லூசியாவில் ஏழை மக்கள் வாழும் சரிவுகளில் இந்தக் கணக்கை வைத்தே வேலை செய்தார்கள். பிரமாண்டச் சுவர்கள் கட்டவில்லை. கூரை விளிம்பில் தண்ணீரைப் பிடிக்கும் பீலி, அதிலிருந்து குழாய், குழாயிலிருந்து குறுக்கு வடிகால், அங்கிருந்து ஓடைக்கு இறங்கும் படி வடிகால் என்று வரிசையாக அமைத்தார்கள். எந்தப் பாதையில் தண்ணீர் வருகிறது என்று அங்கே குடியிருப்பவர்களே காட்டினார்கள், கட்டும் வேலையும் அவர்களில் பலருக்கே கிடைத்தது. 2010இல் தோமஸ் புயலின் பெருமழை வந்தபோது இந்த முறை சோதனைக்கு உள்ளானது. வடிகால் போட்ட சரிவுகள் தாங்கின.

திட்டத்தை மேலிருந்து கீழாக இப்படி வரையுங்கள். முதலில் சரிவின் உச்சியில் ஒரு குறுக்கு வடிகால். மேலிருந்து வரும் தண்ணீர் ஆபத்தான பகுதிக்குள் நுழையாமல் அதிலேயே திரும்பிவிட வேண்டும். அடுத்து வீடுகளின் கூரைத் தண்ணீரும் கழிவுநீரும். பிறகு செங்குத்தாக இறங்கும் படி வடிகால்கள். படிகள் இல்லையென்றால் தண்ணீரின் வேகமே அடித்தளத்தை அரித்துவிடும். வடிகால் கடைசியாகப் பாறை மீதோ நிலையான ஓடையிலோ முடிய வேண்டும். ஆனால் கட்டும் வேலையைக் கீழிருந்து மேலாகச் செய்யுங்கள். மேல்பகுதியை முதலில் கட்டிவிட்டு நிதி தீர்ந்துபோனால், முன்பு பரவலாக வந்த தண்ணீரை ஒரே இடத்தில் குவித்துக் கீழ்வீட்டின் மேல் கொட்டியதாகிவிடும்.

வெடித்த வடிகால், வடிகால் இல்லாததைவிட மோசம். தண்ணீரைச் சேர்த்துக்கொண்டுவந்து விரிசல் வழியே ஒரே இடத்தில் மலைக்குள் ஊற்றும். சிறுபாலத்தின் வாயில் ஒரு மரக்கிளையும் நான்கு பிளாஸ்டிக் பைகளும் சேர்ந்தாலும் அடைப்புதான். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, மழைக்காலத்தில் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் சுத்தம் செய்ய ஆளும் கூலியும் ஒதுக்குங்கள். கொலம்பியாவின் மனிசாலெஸ் நகரம் இந்த வேலையைச் சரிவுகளிலேயே வாழும், குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்களுக்குச் சம்பளத்தோடு கொடுத்தது. வடிகால் சுத்தமாகிறது, விரிசல் முதலில் அவர்கள் கண்ணில் படுகிறது, பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர்கள் சொன்னால் உறைக்கிறது.

படி 7: சுவர், வலை, தடுப்பணை, செடி

சுவர் கண்ணுக்குத் தெரியும், திறப்புவிழா நடத்தலாம். அதனால் எல்லோரும் சுவரைத்தான் கேட்பார்கள். பின்னால் தண்ணீர் தேங்கும் சுவர் நிற்காது. சுவருக்குப் பின்னால் கூழாங்கல் அடுக்கு, சுவரில் வரிசையாகக் கசிவுத் துளைகள், அடியில் சேகரிக்கும் வடிகால் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பில்லை அனுமதியுங்கள். பெருமழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள்: துளைகளில் தெளிந்த நீர் சொட்டினால் நல்லது. முழுக்க வறண்டிருந்தால் துளை அடைத்திருக்கலாம். கலங்கல் வந்தால் பின்மண் கரைந்து வெளியேறுகிறது, உடனே பொறியாளரை அழையுங்கள்.

சிறிய சரிவுகளுக்குக் கம்பிவலைக் கற்சுவர் பொருத்தமானது. தண்ணீரை விடும், கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். பாறை உருளும் இடத்தில் வலையும் வேலியும், ஓடைகளில் பெருக்கின் கல்லையும் மரத்தையும் பிடிக்கும் தடுப்புகளும் உதவும். தடுப்பில் சேர்ந்ததை அள்ளாமல் விட்டால் அடுத்த பெருக்குக்கு அது இல்லாததற்குச் சமம்.

வெட்டிவேர் போன்ற ஆழ வேரூன்றும் புல்லும் உள்ளூர் மரங்களும் மேல்மண்ணைப் பிடிக்கும். பத்து மீட்டர் ஆழத்தில் நழுவும் சரிவை எந்த வேரும் பிடிக்காது. மரக்கன்று நட்டுவிட்டோம் என்று அங்கே மற்ற வேலையை நிறுத்தாதீர்கள்.

படி 8: மழையை நீங்களே அளந்து, எச்சரிக்கை வரம்பு வையுங்கள்

மலையில் இந்த முகட்டில் கொட்டும் மழை அடுத்த பள்ளத்தில் தூறலாக இருக்கும். முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மழைமானி உங்கள் சரிவைப் பற்றி அதிகம் சொல்லாது. பள்ளி, தோட்ட அலுவலகம், தண்ணீர்த் தொட்டிக் காவலர் வீடு என்று ஒவ்வொரு நீர்ப்பிடிப்புக்கும் ஒரு மழைமானி வையுங்கள். காலை எட்டரைக்கு ஒருமுறை, கனமழையில் மணிக்கு ஒருமுறை அளவு பொறுப்பாளரின் வாட்ஸ்அப் குழுவுக்கு வரட்டும். கைப்பேசிக் கோபுரம் விழுந்தால் என்ன செய்வது என்பதற்கு வாக்கி டாக்கியோ ஆளனுப்பும் ஏற்பாடோ வேண்டும்.

எத்தனை மி.மீ. ஆனால் ஆபத்து? படி 2இல் எடுத்த பட்டியல் இங்கே பயன்படும். பழைய சரிவுகளின் தேதியையும் அன்றைய மழையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் எல்லை தெரியும். இலங்கையில் 24 மணி நேரத்தில் 75 மி.மீ., 100 மி.மீ., 150 மி.மீ. என்று படிப்படியாக எச்சரிக்கையை உயர்த்துகிறார்கள், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். இந்த எண்களை அப்படியே எடுக்காமல் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய சில நாள் மழையையும் கூட்டிப் பாருங்கள். ஏற்கெனவே ஊறிய மண்ணுக்குச் சின்ன மழையே போதும்.

எல்லை தாண்டினால் பொறுப்பாளர் யாரையும் கேட்காமல் வெளியேற்ற உத்தரவு போட வேண்டும், அதற்கான அதிகாரத்தை அவருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். 2014 ஹிரோஷிமாவில் வெளியேறச் சொல்லும் அறிவிப்பு வருவதற்குள் சரிவுகள் இறங்கத் தொடங்கிவிட்டன. நள்ளிரவில் நிலைமை மோசமாகலாம் என்று தெரிந்தால் மாலை வெளிச்சத்திலேயே நகர்த்துங்கள். சரிவு வரவில்லை என்றால் திட்டுவார்கள். திட்டட்டும்.

வெளியேறும் பாதை எந்த ஓடையையும் குறுக்கே கடக்கக்கூடாது. முகாம் சிவப்புப் பகுதிக்கும் பெருக்கு பரவும் இடத்துக்கும் வெளியே இருக்க வேண்டும். முதியோர், கர்ப்பிணிகள், நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கு வீடு பட்டியலும், தூக்கிவர இன்னார் என்ற பெயரும் வேண்டும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் இடம் ஒதுக்குங்கள், இல்லையென்றால் வீட்டில் ஒருவர் பின்தங்கிவிடுவார். எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்: மழை பெய்யும்போது ஓடையில் தண்ணீர் திடீரெனக் குறைந்தால் மேலே எங்கோ மண் அடைத்திருக்கிறது. அடுத்த நிமிடம் உடையலாம். ஓடை வழியே கீழே ஓடாமல் பக்கவாட்டில் மேடேறுங்கள்.

திரும்பிப் போகவும் ஒரு விதி வேண்டும். பிலிப்பைன்சின் கின்சாவுகனில் 2006 பிப்ரவரியில் பெருமழைக்குப் பயந்து ஊரைவிட்டுப் போன பலர், மழை ஓய்ந்ததும் திரும்பினார்கள். 17ஆம் தேதி மலை இறங்கியது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆழமான சரிவுகளில் தண்ணீர் உள்ளே இறங்க நாளாகும். வெயில் அடிக்கிறது என்பது திரும்பக் காரணமாகாது. விரிசல் அளவுகள் நிலைத்த பிறகு, களத்தைப் பார்த்தவர் கையெழுத்திட்ட பிறகு திரும்பட்டும்.

படி 9: இடம் மாற்றுவது கடைசி வழி, அரைகுறையாகச் செய்யாதீர்கள்

இலங்கையின் கொஸ்லந்தை அருகே மீரியபெத்தை தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 அன்று தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. மாதக்கூலியில் வாழும் தோட்டத் தொழிலாளிக்குப் "போ" என்று மட்டும் சொன்னால் எங்கே போவார்? எச்சரிக்கைக் கடிதத்தோடு நிலமும் வீடும் சேர்ந்து வந்தால்தான் அது இடமாற்றம்.

புது இடம் வேலைக்கு நடந்துபோகும் தூரத்தில் அமையட்டும், இல்லையென்றால் பேருந்தை முதலில் விடுங்கள். பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்கட்டும். அக்கம்பக்கத்தார் சேர்ந்தே போகட்டும். புது இடத்தையும் படி 3, படி 4 முறையில் சோதியுங்கள். காலியான வீடுகளை அன்றே இடித்து, மின் இணைப்பையும் குடிநீரையும் துண்டித்து, மரம் நடுங்கள். விட்டுவைத்தால் அடுத்த வருடம் வேறொரு ஏழைக் குடும்பம் அங்கே குடியேறும்.

படி 10: பதிவேடும் பதிலும்

1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸ் நாட்டின் அபர்ஃபானில் சுரங்கக் கழிவுக் குன்று ஒன்று சரிந்து பள்ளியை மூடியது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். அந்தக் குன்று ஓர் ஊற்றின் மேல் கொட்டப்பட்டிருந்தது. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஆபத்தைப் பற்றி அந்த ஊர் நகராட்சியின் பொறியாளர் 1963இலேயே கடிதம் எழுதியிருந்தார். ஆபத்து தெரிந்திருந்தது, எழுதவும்பட்டிருந்தது, ஆனால் அந்தக் கடிதத்தால் எதுவும் மாறவில்லை.

ஆகவே ஒரு பதிவேடு திறவுங்கள். விரிசல், ஊற்று, சாய்ந்த சுவர், மேட்டை வெட்டும் ஜேசிபி, எதைப் பற்றி யார் சொன்னாலும் அதில் ஏற வேண்டும். ஆறு பத்திகள் போதும்: தேதி, இடம், சொன்னவர், போய்ப் பார்த்தவர், எடுத்த நடவடிக்கை, முடிந்த தேதி. மழைக்காலத்தில் 24 மணி நேரத்துக்குள் ஒருவர் நேரில் போக வேண்டும். வேறு துறைக்கு எழுதினால் பதில் வரும்வரை அந்த வரி மூடப்படக்கூடாது. மாதாந்திர மன்றக் கூட்டத்தில் வேறு எதையும் எடுக்கும் முன், மூடாத வரிகளை மட்டும் சத்தமாக வாசியுங்கள்.